பென்சில் படாத முகம்

ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் நான் ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தேன். மாடியில் ஒற்றை அறை. பின்னால் தூணும் படிக்கட்டும் வரைந்த திரை, முன்னால் இரண்டு பெரிய பல்புகள். என் கைக்கு ஊரில் ஒரு பேர் இருந்தது. நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் பதமாகத் தேய்த்தால் முகத்தில் இருக்கிற பரு, சுருக்கம், தழும்பு எல்லாம் போய்விடும். "அவரிட்ட போனா பத்து வயசு குறைச்சுத் தருவாரு" என்பார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

ஒரு சாரல் சீசனில், குற்றாலத்துக்கு வந்திருந்த பம்பாய்க்காரர் ஒருவர் பிலிம் கழுவக் கொடுத்துவிட்டு, கையிலிருந்த வெளிநாட்டுப் பத்திரிகையை மேஜையிலேயே மறந்துவிட்டுப் போனார். மறுநாள் படங்களை வாங்க வந்தபோது நீட்டினேன். "நீங்களே வச்சுக்குங்க" என்றார். ஆண்களின் உடுப்புக்கான பத்திரிகை அது. நடுவில் எட்டுப் பக்கத்துக்கு ஒரே ஆள் எடுத்த படங்கள். கோட்டுப் போட்டவர்கள், பனியன் போட்டவர்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஒருவருக்கு இரண்டு நாள் தாடி. முகத்தின் ஒரு பாதியில் வெளிச்சம், மறுபாதி மெதுவாக நிழலுக்குள் போனது. ஆனாலும் அந்த மனிதர்கள் எதிரே உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

எந்த விளக்கைப் போட்டு இப்படி எடுத்தான் என்று எனக்கு விளங்கவில்லை. பென்சில் வேலைக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து ஒரு படத்தின் கண்ணைப் பார்த்தேன். கருவிழியில் சின்னதாக ஒரு ஜன்னல் தெரிந்தது. நான் எடுத்த படம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கருவிழியில் இரண்டு பல்பு. அவன் விளக்கே போடவில்லை, ஜன்னல் வெளிச்சத்திலேயே எடுத்திருக்கிறான்.

அடுத்த மாதமே ஒரு வாய்ப்பு வந்தது. தீபாவளிக்குப் புதுச் சட்டைகளைப் படமெடுத்துக் கடையில் மாட்ட வேண்டும் என்று ஜவுளிக்கடை முதலாளி கூப்பிட்டார். சீசனுக்கு அவர் குற்றாலத்தில் வீடு பிடித்திருந்தார். அங்கே வைத்து எடுக்கலாம் என்றார். சட்டை போட்டு நிற்பதற்கு அவருடைய அக்கா மகன். சட்டைகளை இழுத்துப் பிடித்து ஊசி குத்திவிட, கடையில் துணி வெட்டும் கட்டர்.

மருமகன் முகம் நிறையப் பவுடர் போட்டு, நெற்றியில் முடியைச் சுருட்டிவிட்டு வந்திருந்தான். இடுப்பில் கை வைத்தான், மரத்தில் சாய்ந்தான், அருவியைப் பார்த்தான். எல்லாவற்றையும் எடுத்தேன். எதிலும் உயிர் இல்லை என்பது எடுக்கும்போதே தெரிந்தது. பத்து மணிக்குச் சாரல் பிடித்துக்கொண்டது. எல்லோரும் வீட்டுக்குள் ஓடினோம்.

உள்ளே கட்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து, புதுச் சட்டை ஒன்றில் அறுந்த பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். முகம் முழுக்க அம்மைத் தழும்பு. மலையை மூடியிருந்த மேகத்திலிருந்து வந்த வெளிச்சம் அவர் கன்னத்தில் பால் மாதிரி படிந்திருந்தது. நூலைப் பல்லால் கடித்தபடி தலை நிமிர்த்தினார். எனக்கு அந்தப் பத்திரிகை ஞாபகம் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, அந்தச் சட்டைய நீங்க போட்டுக்கிடுங்க."

"நானா? வெளையாடாதீங்க அண்ணாச்சி."

முதலாளி உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். "என்ன வே செய்யுதீரு? ஊருல ஒமக்கு வேற ஆளே கெடைக்கலையா?"

"பிலிம் என்னோடது முதலாளி. மழை விடுற வரைக்கும்தானே."

அவர் சிரித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். கட்டர் கூச்சத்தோடு சட்டையை மாட்டினார். அவரே வெட்டிய சட்டை, தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. நிழல் பக்கம் ரொம்பக் கறுத்துவிடாமல் இருக்க, மருமகனிடம் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொன்னேன். முகம் சுளித்தாலும் பிடித்தான். வெளிச்சம் குறைவு. "மூச்ச மட்டும் பிடிச்சுக்கிடுங்க" என்றேன். சிரிக்கச் சொல்லவில்லை. கட்டர் கேமராவை நேராகப் பார்த்தார். ஆறு படம் எடுத்தேன்.

தென்காசிக்கு வந்து நெகட்டிவைக் கழுவி உலர்த்தியதும், கை தானாகப் பென்சிலுக்குப் போனது. பூதக்கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தேன். அப்படியே பிரிண்ட் போட்டேன்.

முதலாளி படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சட்டை நல்லா விழுந்திருக்கு" என்றார் கடைசியில். கட்டர் படத்தைத் தொடவே இல்லை. சாயங்காலம் தனியாக மாடியேறி வந்தார்.

"அண்ணாச்சி, இதுல எனக்கு ஒண்ணு வேணும். அக்காவுக்கு அனுப்பணும்."

அக்காவைக் கொழும்பில் கட்டிக்கொடுத்தபோது அவருக்குப் பதினைந்து வயது. அடுத்த வருடம் அம்மை போட்டது. இருபது வருடமாக அக்கா ஒவ்வொரு கடிதத்திலும் போட்டோ கேட்டு எழுதுகிறாளாம்.

"இத்தன வருசத்துல ஒண்ணுகூடவா எடுக்கல?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "எடுத்தேனே. மூணு வருசத்துக்கு முன்னால இங்கனதான். நீங்க முகத்த வழுவழுன்னு ஆக்கிக் குடுத்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது நான் இல்லையே. அதான் அனுப்பல."

எனக்கு அவரை எடுத்த நினைவே இல்லை. அத்தனை சுத்தமாக அழித்திருக்கிறேன். இரண்டு பிரதிகள் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்துக் கடிதத்தோடு வந்தார். நின்றுகொண்டே படித்துக் காட்டினார். "மூக்கு அச்சு அசல் அப்பா மூக்கு. ஏலே, அம்மை போட்டதை ஏன் எனக்கு எழுதல? அப்போ ஒனக்கு யாருலே வேப்பிலை வீசினா?"

அங்கேயே நிறுத்திவிட்டார். பிறகு சிரித்தார். "இருபது வருசங் கழிச்சு அக்கா கேக்குதா பாத்தீங்களா" என்றார். கண் நிறைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. நான் ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

தீபாவளிக்கு முதலாளி மருமகன் படத்தை வாசலிலும் கட்டர் படத்தை உள்ளேயும் மாட்டினார். பத்து நாளில் என்னைப் பார்க்க வந்தார். "என்னமோ வே, பொம்பளையாளுவ பூரா உள்ள இருக்க சட்டையத்தான் காட்டிக் கேக்குதாவ" என்றார். வாசல் படம் உள்ளே போனது, கட்டர் படம் வாசலுக்கு வந்தது.

பொங்கலுக்குள் வீட்டுக்காரரிடம் கேட்டு, ஸ்டுடியோவின் வடக்குச் சுவரை இடித்து அகலமாக ஒரு ஜன்னல் வைத்தேன். எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். "பாதி மூஞ்சியத்தானே எடுத்திருக்கீரு" என்று சண்டை போட்டவர்கள் உண்டு. அவர்களுக்குப் பல்பைப் போட்டு எடுத்துக் கொடுத்தேன். ஆனால் கேரளாவிலிருந்து புளியறை வழியாக மரம் ஏற்றிவரும் லாரி டிரைவர் ஒருவர், ஒரு வாரத் தாடியோடு மாடியேறி வந்து, "சவரம் செஞ்சுட்டு வரட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் தாடையைத் தடவியபடி நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே கோயில் பக்கம் பார்த்தார். மதியம் மூன்று மணி வெளிச்சம் நன்றாக இருந்தது. நான் அவசரப்படாமல் பிலிமைச் சுற்றினேன்.