ஹலோவீனுக்குச் செய்த மெழுகுதிரி

இரண்டு வருடங்களுக்கு முன், ஒக்ரோபர் மாதக் கடைசியில் நடந்தது இது. நான் சுவிஸில், பேர்ண் நகருக்குப் பக்கத்தில், ஓஸ்டர்முண்டிகனில் இருக்கிறேன். அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம் போனால் வரும் முதியோர் இல்லம் ஒன்றில், மறதி நோய் உள்ளவர்களைப் பராமரிப்பதுதான் என் வேலை.

அந்த முறை எங்கள் பிரிவில் ஹலோவீன் அலங்காரம் வைக்கவேண்டும் என்று பொறுப்பாளருக்கு ஆசை வந்துவிட்டது. அங்கிருக்கும் முதியவர்களுக்கு அதில் துளியும் அக்கறை இல்லை. அது அமெரிக்காக்காரரின் கூத்து என்று முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் பேரப்பிள்ளைகள் பார்க்க வருவார்களே! பூசணிக்காய் வாங்கியாயிற்று, மெழுகுதிரிக்குத்தான் வழியில்லை. எங்கள் இல்லத்தில் ஒரு தீக்குச்சி உரசக்கூட அனுமதி கிடையாது. சும்மா இருக்கத் தெரியாத நான், நெருப்பில்லாத மெழுகுதிரி செய்து கொண்டுவருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

செய்முறை பெரிய வித்தையில்லை. கக்கூஸ் பேப்பர் தீர்ந்தபின் மிஞ்சுகிற அட்டைக் குழாய்தான் மெழுகுதிரியின் உடம்பு. அதன் மேல் விளிம்பைச் சுற்றிச் சூடான பசையைச் சொட்டவிட்டால், அது தானாக வழிந்து உறைந்து, மெழுகு உருகி வடிந்தது போலவே நிற்கும். அதற்கு மேல் பழுப்பு வெள்ளைப் பெயின்ற். உச்சியில் பற்றரியில் மினுங்கும் சின்ன விளக்கு ஒன்றைச் செருகிவிடவேண்டும். குழாயின் அடியால் விரலை விட்டால் அதன் சுவிட்ச் எட்டும். 

"இஞ்சரும், கக்கூஸ் பேப்பர் மட்டையெல்லாம் ஏன் சேர்த்து வைச்சிருக்கிறீர்? அந்த வேலைக்குப் போய் உமக்கும் ஏதும் தொத்திட்டுதோ?" என்று என் கணவர் ஒரு கிழமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். லைற்றை நிற்பாட்டிவிட்டு எல்லாவற்றையும் எரியவிட்டுக் காட்டியதும் மனிதர் வாயை மூடிக்கொண்டார். அவ்வளவு அசல்!

அந்த நாட்களில் எங்கள் பிரிவுக்குப் புதிதாக ஒரு அம்மா வந்திருந்தார். தொண்ணூறை நெருங்கிய வயது, எமென்டால் மலைப்பக்கத்துப் பண்ணைக் குடும்பம். வந்த நாளிலிருந்து ஒரு சொல் பேசவில்லை. அதைவிடப் பெரிய கவலை, அவர் சாப்பிடவில்லை. மேசையில் இருத்தினால் எழும்பிவிடுவார். ஏதோ வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர் போலக் கதவைக் கதவைப் பார்ப்பார். கரண்டியைக் கொண்டுபோனால் உதடுகளை இறுக்கிக்கொள்வார். பகலில் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு வாய் சூப்பும் கொஞ்சத் தண்ணீரும் கொடுத்தால் அதுவே பெரிய காரியம். உடம்பு நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு வந்தது. இங்கே யாருக்கும் வற்புறுத்தி ஊட்ட முடியாது. எதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள் என்று வைத்தியர் அவருடைய மகளிடம் சொல்லிவிட்டார்.

நான் மெழுகுதிரிகளைக் கொண்டுபோன அன்று, எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று ஒன்றை அந்த அம்மாவின் மேசையில் வைத்தேன். இரவுச் சாப்பாட்டு நேரம். அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் குனிந்து, ஒரு கையை விளக்குக்குப் பின்னால் குவித்துப் பிடித்து, உதட்டைக் கூட்டி, 'பூ' என்று ஊதினார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். விளக்கை வாயால் ஊதி நூர்ப்பது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். நூர்ப்பது என்றால் அணைப்பது, எங்கள் ஊர்ப் பேச்சு. பூவால் அமர்த்துவோம், இல்லாவிட்டால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிடுவோம். பிள்ளைகளின் பிறந்தநாள் கேக்கில்கூட மெழுகுதிரி வைக்கவிடாமல் சண்டை பிடித்தவள் நான். அந்தப் பழக்கம் கையோடு வந்துவிட்டது.

"ஐயோ அம்மா, வாயால ஊதாதேங்கோ!" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு மெழுகுதிரியைப் பறித்துவிட்டேன்.

அந்த முகம் வாடியதை என்னால் சொல்ல முடியாது. கை மட்டும் அப்படியே குவிந்தபடி காற்றில் நின்றது. அதன்பிறகு அன்றைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை.

எங்கள் சமையலறையில் மட்டக்களப்பு அக்கா ஒருவர் வேலை செய்கிறார். தொடாத கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கிழவி ஊதினா ஊதட்டுமே புள்ள. அதுக்குள்ள நெருப்பா கிடக்கு?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூன்று வாரமாகத் திறக்காத வாய் குவிந்ததைப் பார்க்காமல், நான் கக்கூஸ் மட்டைக்குச் சாத்திரம் பார்த்திருக்கிறேன்!

அடுத்த நாள் அந்த அம்மாவின் மகள் வந்தபோது இதைச் சொன்னேன். அவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா சின்னவராக இருந்தபோது மாட்டுத் தொழுவத்துக்குக் கண்ணாடிக் கூண்டு விளக்கில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டுதான் போவார்களாம். தொழுவத்துக்கு மேலே பரண் முழுக்க உலர்ந்த புல். ஒரு பொறி பட்டால் மாடும் வீடும் மிஞ்சாது. அதனால் வேலை முடிந்ததும் மூத்த பிள்ளையான அம்மா விளக்கைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து, எல்லோர் கண்முன்னாலும் ஊதி அணைக்கவேண்டும். அணைத்துவிட்டு 'ஃபீராபே' என்பாராம். இன்றைய வேலை முடிந்தது என்பதற்குப் பேர்ண்காரர் சொல்லும் சொல் அது. அதற்குப் பிறகுதான் வீட்டில் எவரும் கரண்டியைத் தொடுவார்கள்.

"கல்யாணமாகி, கரண்ட் வந்த பிறகும் அம்மா மேசையில் ஒரு மெழுகுதிரி ஏற்றி ஊதிவிட்டுத்தான் சாப்பிடுவார். நாங்கள் சிரிப்போம். இதையெல்லாம் உங்களிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை" என்றார் மகள், அழுதுகொண்டே.

அன்று சாப்பாட்டு நேரம். மகள் ஒரு பக்கம், நான் மறு பக்கம். மெழுகுதிரியை எரியவிட்டு, அடியால் ஒரு விரலைச் சுவிட்சில் வைத்துக்கொண்டு, அந்த அம்மாவின் முன்னால் பிடித்தேன். அவர் பார்த்தார். கையைக் குவித்தார். ஊதினார். நான் சுவிட்சைத் தட்டினேன்.

விளக்கு அணைந்தது. அந்த அம்மா திரியிலிருந்து புகை எழும்புகிறதா என்று பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். ஒரு நீண்ட பெருமூச்சு. தோள்கள் இரண்டும் கீழே இறங்கின. பிறகு, வந்த நாளிலிருந்து நாங்கள் கேட்டேயிராத ஒரு குரலில், தெளிவாக, "ஃபீராபே" என்றார்.

கதிரையை மேசைக்கு இழுத்துப் போட்டார். கரண்டியைத் தானே எடுத்தார். உருளைக்கிழங்கு சூப்பைக் கோப்பையின் அடி தெரியக் குடித்தார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோயிலில் திரை விலகி மூலஸ்தானத்துத் தீபம் தெரியும்போது வருமே, அந்தப் புல்லரிப்பு. பெயர் போய், பிள்ளையின் முகம் போய், பேச்சுப் போய், எல்லாம் அழிந்த ஒரு மனதுக்குள்ளே, விளக்கு அணையாமல் சாப்பிடக்கூடாது என்று காவல் இருந்த ஒரு பெண்பிள்ளை மட்டும் அழியாமல் இருந்திருக்கிறாள்.

ஹலோவீன் முடிந்து பூசணிக்காய்கள் அழுகி நாறத் தொடங்கியதும் எல்லாவற்றையும் குப்பையில் போட்டோம். அந்த ஒரு மெழுகுதிரியை மட்டும் பொறுப்பாளர் விட்டுவைத்தார். நத்தார்ப் பண்டிகை வந்து போனது, பனி கொட்டியது. அந்த அம்மா ஒவ்வொரு வேளையும் ஊதினார், சாப்பிட்டார். கன்னத்தில் சதைகூடப் பிடித்தது. பற்றரிதான் அடிக்கடி மாற்றவேண்டியிருந்தது. என் விடுமுறை நாட்களில் மற்றவர்கள் சுவிட்சைச் சரியான நேரத்தில் தட்டுவார்களோ என்று வீட்டில் இருந்து யோசித்துக்கொண்டிருப்பேன்.

பனி கரையும் காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, படுக்கையில் விழுந்தார். இனிச் சாப்பாடு இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கடைசி நாள் பின்னேரம் அவருடைய கண்கள் மறுபடி கதவையே தேடத் தொடங்கின. மகள் என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய் மெழுகுதிரியை எடுத்துவந்து எரியவிட்டேன். அந்த அம்மா உதட்டைக் குவித்தார். மூச்சு வரவில்லை. இன்னொரு தரம் முயன்றார், முடியவில்லை. கண்கள் என்னிடம் வந்து நின்றன.

நான் ஒரு கையை விளக்குக்குப் பின்னால் குவித்துப் பிடித்து, ஊதினேன். சுவிட்சைத் தட்டினேன். மகள் அவருடைய காதோரம் குனிந்து "ஃபீராபே, அம்மா" என்றார். அந்தக் கண்கள் மறுபடி கதவைத் தேடாமல் அமைதியாக மூடிக்கொண்டன.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுச் சாமி விளக்கைப் பூவால்தான் அமர்த்துகிறேன். ஆனால் பூவைக் கையில் எடுக்கும்போதெல்லாம், என் வாழ்நாளில் நான் வாயால் ஊதி நூர்த்த ஒரே விளக்கு கண்முன் வரும். அதற்குள் நெருப்பு இருக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.