இடுப்பு முடி

இருபத்திரண்டு வருஷமாக நாய்களுக்கு முடி திருத்தியவரை எல்லோரும் சீப்புக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவர் கடைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் பொசுபொசுவென்ற ஸ்பிட்ஸ் நாய்கள். ஐம்பது வயதில் அவருக்கு நாய்க் கண்காட்சி நடுவராகும் ஆசை பிடித்தது. நாயைக் குளிப்பாட்டுகிறவர் நாய்க்கு மார்க் போடப் போகிறாராம் என்று வீட்டிலேயே சிரித்தார்கள். எழுத்துத் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டு மூன்றாம் முறை தேறினார். மிச்சம் செய்முறைத் தேர்வு. அதில் தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும்.

ஸ்பிட்ஸ் நாய் எப்படி இருக்க வேண்டும் என்ற இலக்கணம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நரி போன்ற கூம்பு முகம், விறைத்த சின்னக் காதுகள், பாதாம் வடிவக் கறுத்த கண்கள், முதுகின்மேல் சுருண்டு படியும் வால். எல்லாவற்றுக்கும் மேலாக, உடம்பின் நீளமும் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தேர்வுக் கூடத்தில் மேஜைமேல் மூன்று வெள்ளை ஸ்பிட்ஸ் நாய்கள் நின்றன. அவற்றைப் பார்த்து முதல், இரண்டு, மூன்று என்று இடம் சொல்ல வேண்டும். மூன்றாவது, அவர் மனைவியின் அண்ணனுடையது. மாதாமாதம் அவரே குளிப்பாட்டும் நாய். மச்சான் சுவரோரம் உட்கார்ந்து தைரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாயின் அருகில் போனதும் சீப்புக்காரரின் விரல்கள் தாமாகவே இடுப்பு முடியைக் கோதி மேலே தூக்கிவிட்டன. தேர்வாளர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க நாயைப் பாக்கல. ஒப்பேத்துறீங்க."

அவருக்குக் காது சுட்டது. அந்த நாயின் முதுகு இருக்க வேண்டியதைவிட இரண்டு விரல் கூடுதல் நீளம். அது கண்ணில் படாமலிருக்க இடுப்பு முடியைத் தூக்கிவிடுவது அவர் கைவேலைதான். அவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் கைகளை நனைத்தார். கழுத்திலிருந்து வால்வரை முடியை அழுத்தித் தடவினார். நாய் நீண்டது.

"மூணாவது இடம். முதுகு நீளம்," என்றார். தேர்வாளர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் மச்சான் நாயைத் தூக்கிக்கொண்டு கேட்டார்.

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலையே மாப்ளே?"

"நீங்க குளிப்பாட்டத்தானே கூட்டிட்டு வந்தீங்க, மச்சான்."

தேறிவிட்டதாகக் கடிதம் வந்தது. அதைச் சுவரில் மாட்ட அவர் ஆணி தேடிக்கொண்டிருந்தபோது மச்சான் வந்து நாயை மேஜைமேல் விட்டார்.

"இடுப்புல கொஞ்சம் தூக்கியே விடு. இது ஒண்ணும் பரீட்சைக்குப் போகல."

சீப்புக்காரர் தொட்டியில் தண்ணீர் திறந்தார்.