ரூமு எனக்கும்மா!

அண்ணா நகர் பக்கம் ஒரு இன்டீரியர் ஷோரூம். நானும் என் வீட்டுக்காரர் அமலதாஸும் போயிருந்தோம். ஏசி, கண்ணாடிக் கோப்பையில் காபி, கால் புதையும் கம்பளம்... எல்லாம் உண்டு. எங்களைக் கவனித்துக்கொண்ட பெண்ணின் பெயர் நிவேதா. துறுதுறுப்பான பெண். ஆனால் என்னைப் பார்த்து மட்டுமே பேசினாள்.

"மேடம், உங்க புடவைக்கெல்லாம் எவ்வளவு ஹேங்கிங் ஸ்பேஸ் வேணும்? மேடம், நகைக்கு வெல்வெட் டிராயர் போட்டுடலாமா? மேடம், லைட்டு..."

தாஸ் தொண்டையைச் செருமினார்.

"யம்மா, அவங்களுக்கு இல்லம்மா. ரூமு எனக்கு."

நிவேதா ஒரு கணம் திகைத்தாள். பிறகு, "சூப்பர் சார்!" என்று அழகாகச் சமாளித்துவிட்டாள். கெட்டிக்காரி. அதைச் சமாளிக்க எனக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது.

தாஸ் முப்பத்தோரு வருடம் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கப்பலில் வரும் நிலக்கரியை இறக்கும் பிரிவு. இந்த வருடம்தான் ரிட்டயர் ஆனார். வடசென்னையில், கடல் காற்றும் லாரிப் புழுதியும் அடிக்கும் எர்ணாவூரில் எங்கள் வீடு. மகள் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டதால் அவள் அறை காலி. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், மீன் முள்ளை எடுத்தபடியே சொன்னார்:

"அந்த ரூம டிரெஸ்ஸிங் ரூமா மாத்திக்கலாம்னு கீறேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். நல்லா, லக்சுரியா."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும் இல்லையா? புரியவில்லை. "வயசான காலத்துல இன்னாத்துக்குங்க மேக்கப்பு ரூமு?" என்று நான்கு நாள் கிண்டல் வேறு செய்தேன். மனிதர் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போய்விடுவார்.

சரி, ஷோரூமுக்கு வருவோம். நிவேதா ஒரு கைப்பிடியைக் காட்டினாள். தங்கம் மாதிரி மின்னியது. தாஸ் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு காந்தத்தை எடுத்தார். எங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்குமே, வேளாங்கண்ணி மாதா படம் போட்ட காந்தம் — அதேதான்! கைப்பிடி பக்கம் கொண்டுபோனதும் மாதா 'டக்'கென்று ஒட்டிக்கொண்டார்.

"மாதாவே சொல்ட்டாங்க. இரும்பு. மேல முலாம் பூசிகீது. எங்க ஊர் உப்புக் காத்துக்கு ஆறு மாசம் தாங்காது."

"சார், இது பிராஸ் ஃபினிஷ்தான் சார், பிராஸ் இல்ல," என்று நிவேதா நேர்மையாக ஒப்புக்கொண்டாள். அதன் பிறகு அவளுக்கே உற்சாகம் வந்துவிட்டது. கீல், டிராயர் சேனல், ஷூ ரேக் என்று ஒவ்வொன்றாக எடுத்து வந்து, "சார், இதுல மாதாவ வைங்க சார்" என்றாள். கடையில் பாதிப் பேர் எங்களைச் சுற்றி நின்றார்கள்.

இதுவரை ஜாலிதான். கதவுகளுக்கு மேலே ஒட்டும் லேமினேட் தேர்ந்தெடுக்கும்போதுதான் வம்பு வந்தது.

தாஸ் ஒரு வெள்ளைப் பலகை முன்னால் நின்றுவிட்டார். உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். உடனே எடுத்து, கறை பட்டிருக்கிறதா என்று பார்த்தார்.

"இதான்," என்றார்.

"வெள்ளையா? நம்ம ஏரியாவுலயா? காலைல தொடச்சா சாயங்காலம் அதுமேல விரலால கோலம் போடலாம். யாரு தொடைக்கிறது?"

நான் வால்நட் நிறத்தைக் காட்டினேன். நல்ல பழுப்பு, மர ரேகை ஓடியது. முக்கியமாக, அழுக்குத் தெரியாது. அதுதான் இப்போது ட்ரெண்டு என்று நிவேதாவும் சொன்னாள். தாஸ் இரண்டையும் பார்த்தார். "சரி, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன காபியைக் குடிக்கப் போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டேன்!

ஸ்கூட்டரில் திரும்பினோம். மாதவரம் தாண்டியதும் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். முன்னாலும் கண்டெய்னர், பின்னாலும் கண்டெய்னர். தாஸ் வண்டியை அணைத்தார். திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"ரோஸி, ஒண்ணு சொல்லட்டா? முப்பத்தோரு வருசமா துணிக்கடைக்குப் போனா ஒரே கேள்விதான். இதுல அழுக்குத் தெரியுமா, தெரியாதா? சாம்பலு, காப்பி, கருநீலம்... புடிச்ச கலரு ஒண்ணு வாங்கினது கெடையாது. இப்போ ரிட்டயர்டும் ஆயிட்டேன். இப்பவும் அழுக்குத் தெரியாத கலருதானா?"

அவர் துணிக்கு எங்கள் வீட்டில் தனி பக்கெட். மூன்று தண்ணீர் மாற்றினாலும் கறுப்பாகத்தான் வரும். துவைத்துத் துவைத்து, நிலக்கரியைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்திருந்தேன். அது அவருடைய ஆசையிலும் படிந்திருக்கும் என்று தோன்றவே இல்லையே! அவருடைய பின்கழுத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

லாரிகள் நகர்ந்தன. "வண்டிய ஓரங்கட்டுங்க," என்றேன்.

ஒரு டீக்கடை வாசலில் நின்று நிவேதாவுக்கு போன் போட்டேன். "வால்நட் வேணாம்மா. வெள்ளையே போட்டுடு."

"ஓகே மேடம். எந்த வெள்ளை?"

எந்த வெள்ளையா? வெள்ளையில் பதினோரு வகை இருக்கிறதாம்! நான் முழிப்பதற்குள் தாஸ் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டார். டீ ஆறியது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். வெள்ளையைப் பற்றிப் பேசும்போது ஒரு மனிதரின் முகம் அப்படி மலருமா?

வெள்ளை என்று முடிவான பிறகு அவரைவிட எனக்குத்தான் வேகம் அதிகம். நிவேதா அனுப்பிய ஐந்து சாம்பிள் துண்டுகளையும் பால்கனிச் சுவரில் டேப் போட்டு ஒட்டினேன். இரண்டு வாரம் எங்கள் ஏரியாக் காற்றைக் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். கார்பெண்டர் முருகன் தினமும் அதைப் பார்த்துச் சிரிப்பார்.

"இன்னாக்கா, அஞ்சு பேருக்கும் ஜாதகம் பாத்துகினு கீறீங்களா?"

பார்த்தோம்தான். பளபளப்பான துண்டில் கைரேகை எல்லாம் விழுந்தது. சொரசொரப்பானதில் தூசி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வர மறுத்தது. ஐவரி நிறத்தில் இருந்த இரண்டும் வரும்போதே அழுக்காக வந்த மாதிரி இருந்தன. வழுவழுப்பான, மினுங்காத பால் வெள்ளை மட்டும் ஈரத்துணியால் ஒரே துடைப்பில் புதுசாகிவிட்டது. அதற்கே மாலை போட்டோம்.

முருகனும் சும்மா இல்லை. உள்ளே ஈரத்துக்கு ஊறாத மரைன் பிளைவுட். கதவு ஓரமெல்லாம் ரப்பர் பட்டை வைத்து, "ஃபிரிட்ஜ் கதவு மாரி மூடிக்கும் சார், தூசி உள்ள வந்தா என்னைக் கேளு" என்று சவால் விட்டார். சட்டை மாட்டும் குழாய்க்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்கே போனோம். நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் காந்தம் நிற்காமல் மாதா நழுவினார். தாஸ் பாய்ந்து பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடைக்காரர் பயபக்தியோடு பில் போட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் அறைக்குத் திறப்பு விழா. ஆளுயரக் கண்ணாடி, அதைச் சுற்றி மஞ்சள் வெளிச்சம், வரிசையாகத் தொங்கும் சட்டைகள். அதில் நான்கு வெள்ளை! சர்ச் பூசைக்குப் போக நான் கிளம்பி வாசலில் நிற்கிறேன்... ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தால், கண்ணாடி முன்னால் இடப்பக்கம் திரும்புகிறார், வலப்பக்கம் திரும்புகிறார், காலரை இழுத்துவிடுகிறார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட். கையில் ஒரு துணி வேறு. விரல் பட்ட இடத்தை அவரே துடைத்துக்கொள்கிறார்.

"எப்டி கீது ரோஸி?"

"மாப்ள மாரி கீறீங்க," என்றேன். பொய்யில்லை. கோயிலில் பைபிளின் முதல் வாசகம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். முப்பது வருடமாக என்னால்தான் லேட் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அன்றைக்கு நைசாகக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பூசை முடிந்ததும் அவருடைய துறைமுக தோஸ்துகள் நான்கு பேர் அறையைப் பார்க்க வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, மியூசியம் பார்ப்பது போல உள்ளே போனார்கள். டிராயரை மெதுவாக மூடிப் பார்த்தார்கள். ஒருவர் வெள்ளைக் கதவைத் தடவிக்கொண்டே, "மாமு, செமயா கீதுடா" என்றார்.

சாயங்காலம் எனக்கு போன் மேல் போன். நான்கு பேரின் மனைவிகளும்தான். "உங்க வூட்டுக்காரரு இன்னாத்தக்கா காட்டி அனுப்பினாரு? எங்காளு வந்ததும் வராததுமா பீரோவக் காலி பண்ணினு கீறாரு!"

மன்னியுங்கள் தோழிகளே. ஆனால் அந்த பீரோவில் உங்கள் வீட்டுக்காரருக்கு எத்தனை தட்டு கொடுத்திருக்கிறீர்கள்? ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, அப்புறம் என்னைத் திட்டுங்கள்!