பொம்மையின் காது

“குழந்தையப் பாத்துக்கறதுக்கு என்ன படிச்சிருக்கீங்க?” என்று அந்த அம்மா கேட்டபோது அவருடைய பாப்பா என் இடுப்பில் இருந்தது. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்தெருவில் இருக்கிற டே கேரில் எனக்கு வேலை. அவர் அந்த ஆபீஸில் கிளார்க். பிரசவ விடுப்பு முடிந்து, குழந்தையை முதல்முறையாக விட வந்திருந்தார். பி.எஸ்சி. கணிதம் என்றேன். “அது சரிம்மா, குழந்தைக்கு?” என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. கீரை இன்றைக்குப் பறித்ததா என்று விசாரிக்கிற குரல்தான். பாப்பாவின் காலுறை நழுவியிருந்தது, அதை இழுத்துவிட்டேன்.

அதுவரை அந்த வேலையை நான் வேலையாகவே நினைத்ததில்லை. குரூப் ஃபோர் எழுதிக்கொண்டிருந்தேன். ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று சேர்ந்த இடம். அன்றைக்கு மதியம் குழந்தைகள் தூங்கும் நேரத்தில்தான் தோன்றியது: இதற்கும் ஒரு படிப்பு இருக்கத்தானே வேண்டும்? போனில் தேடினேன். இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மொபைல் கடைக்கு மேல் மாடியில், சனி ஞாயிறு வகுப்பு, கடைசியில் செய்முறைத் தேர்வு, சான்றிதழ். குழந்தைகள் எழுந்திருக்கும் முன்பே என் பெயரைப் பதிவு செய்துவிட்டேன். கூடவே, என்னோடு வேலை செய்யும் அக்காவின் பெயரையும். அவரிடம் பிறகுதான் சொன்னேன். “கேக்காமயே சேத்துட்டியா? நல்ல பொண்ணு போ” என்றார். அவரும் நானும் கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். நான் வராத நாளில் கைக்குழந்தை அறையைப் பார்த்துக்கொள்பவரும் அவர்தான்.

வீட்டில் சொன்னபோது அப்பா மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். “கொழந்தையத் தூக்கறதுக்கு சர்டிபிகேட்டா? உங்கம்மாவுக்கு யாரு குடுத்தாங்க?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. வேலை நிரந்தரமாகுமா என்று மட்டும் கேட்டாள்.

டே கேர் நடத்தும் மேடத்துக்குப் பிடித்துப்போனது. வேங்கிக்காலில் புது வீடுகள் வரவர, கேள்வி கேட்கிற பெற்றோர்களும் ஜாஸ்தி ஆகிவிட்டார்கள். தேர்வுக்குப் பிறகு சான்றிதழ் இருப்பவர்களை மட்டும்தான் கைக்குழந்தை அறையில் விடப்போவதாக வாசல் பலகையில் எழுதிப் போட்டார். அந்த அறை என்னுடையது. கிளார்க் அம்மாவின் பாப்பா அதற்குள் எனக்குப் பழகியிருந்தது. கஞ்சியை என் கையால் மட்டும் குடிக்கும், வேறு யார் கொடுத்தாலும் துப்பும். அந்த அறையில் இருக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. குரூப் ஃபோர் புத்தகங்களைப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

வகுப்பு எடுத்தவர் ஓய்வு பெற்ற நர்ஸ். காய்ச்சல், தொண்டையில் சிக்கினால் முதலுதவி, பால் புட்டி கழுவுவது, அழுகையின் வகைகள் என்று ஒவ்வொன்றாக வந்தது. பௌர்ணமியன்று மட்டும் வகுப்பு கிடையாது, கிரிவலக் கூட்டத்தில் பஸ் ஊருக்குள்ளேயே வராது. படித்தவர்களில் பாதிப்பேர் ஆசிரமங்களுக்கு வந்து செங்கம் ரோட்டில் தங்கும் வெளியூர்க்காரர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போவதாகத் திட்டம் வைத்திருந்தார்கள். நான்தான் எல்லோரையும்விட வேகம். நர்ஸம்மா சொல்லி முடிப்பதற்குள் குறிப்பை எழுதி, எளிய தமிழில் மாற்றி, வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன். “உனக்கு டீச்சர் வேல குடுத்துட்டு நான் வீட்டுக்குப் போயிடவா?” என்று ஒருமுறை கேட்டார். சந்தோஷமாக இருந்தது.

குளிப்பாட்டும் பாடத்தில் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒன்று, தொடுவதற்கு முன்னால் குழந்தையிடம் சொல்லவேண்டும்: இப்போது கையைத் தூக்கப்போகிறேன், இப்போது தலையில் தண்ணீர் ஊற்றப்போகிறேன் என்று. இன்னொன்று, குளித்து முடித்ததும் காதிலோ மூக்கிலோ வாயால் ஊதக்கூடாது. நம் ஊர்ப்பக்க வீடுகளில் ஊதாமல் ஒரு குழந்தையும் குளித்தெழுவதில்லை. தண்ணீர் வெளியே வந்துவிடும் என்று நினைக்கிறோம். வரவே வராது, நம் வாயிலிருக்கிற கிருமிதான் உள்ளே போகும் என்றார். தேர்வில் ஊதினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் தேர்ச்சி கிடையாது என்பதையும் சொன்னார். அன்றைக்கு இரவே நான் ஒரு படம் வரைந்தேன். குவிந்த உதடு, பக்கத்தில் சின்னக் காது, மேலே சிவப்பில் பெருக்கல் குறி. லேமினேட் செய்து டே கேரின் குளியலறையில் ஒட்டினேன்.

பொம்மையிடம் சொல்லிச் சொல்லிக் குளிப்பாட்டும் பகுதிக்கு மட்டும் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. நான் அதை ஒரே ஒருமுறை செய்துபார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். ரப்பர் பொம்மைக்கு எதற்குப் பேச்சு, நேரம்தான் வீண். உண்மையான குழந்தையிடம் பேசிக்கொள்ளலாம்.

தேர்வாளர் சென்னையிலிருந்து வந்தார். கையில் டேப்லெட். ஒவ்வொருவராக மேஜைக்குப் போகவேண்டும், மற்றவர்கள் சுவரோரம் நின்று பார்க்கலாம். என் முறை வந்ததும் முழங்கையால் தண்ணீரின் சூடு பார்த்தேன். கழுத்தைத் தாங்கினேன். மடிப்புகளைத் துடைத்தேன். சோப்பு கண்ணில் படவில்லை. எனக்கு முன்னால் செய்தவர்களைவிட வெகு சீக்கிரம் முடித்துவிட்டேன் என்பது எனக்கே தெரிந்தது. துண்டில் சுற்றித் தோளில் சாய்த்தேன். சுவரோரத்தில் அக்கா மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. ஏன் என்று புரியவில்லை. தேர்வாளர் டேப்லெட்டில் விரலை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஏம்மா ஊதினீங்க?”

“நான் ஊதலைங்க.”

“ஊதினீங்கம்மா. ரெண்டு காதுலயும்.”

நர்ஸம்மாவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

எங்கள் அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரையும் வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவள் நான். அப்போதெல்லாம் ஊதியிருப்பேன். இருக்கும். ஆனால் அந்த மேஜையில் ஊதியது எனக்கு இன்றைக்கும் நினைவில் இல்லை. மற்ற எல்லாம் நினைவிருக்கிறது. பொம்மையின் ஒரு காது விளிம்பில் கிழிந்திருந்தது, அதுகூட.

கீழே இறங்கி வந்தோம். அக்கா கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. வீட்டில் அம்மா எப்படி எழுதினாய் என்று கேட்டாள், எழுத்துத் தேர்வு இல்லை என்றேன். சாப்பிட்டுப் படுத்தேன், தூக்கம் வந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், அது வரவில்லை. ரிசல்ட் வந்த அன்றும் வரவில்லை. அக்கா தேர்ச்சி பெற்றிருந்தார். தன் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அவர்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “கோச்சுக்காதம்மா. போர்டுல எழுதிட்டேன், கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்ல. அடுத்த எக்ஸாம் வரைக்கும் பெரிய பசங்களப் பாத்துக்க.” சரிங்க மேடம் என்றேன். கைக்குழந்தை அறைக்குப் பாதிக் கதவுதான், இடுப்பு உயரம். இந்தப் பக்கம் நின்றாலே உள்ளே எல்லாம் தெரியும். பாப்பா முதல் நாள் கஞ்சியைத் துப்பியது. மறுநாளும் துப்பியது. அக்கா கதவைத் திறந்துவைத்து, “ஒரு தடவ வந்து குடுத்துட்டுப் போயேன், யாருக்குத் தெரியப்போவுது?” என்று கூப்பிட்டார். நான் போகவில்லை. பிடிவாதமெல்லாம் இல்லை, கால் எழவில்லை, அவ்வளவுதான். அந்த வாரக் கடைசியில் பாப்பா அக்கா கையால் குடித்தது. குடிக்குது குடிக்குது என்று அக்கா உள்ளிருந்து சொன்னார். நான் பெரிய பசங்களின் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன். கழுவுகிற இடம் குளியலறைதான். எதிரில் என் படம். மேடம் எடுக்கச் சொல்லவில்லை, நானும் எடுக்கவில்லை.

கிளார்க் அம்மா மாலையில் வரும்போது என்னைப் பார்த்துத் தலையசைப்பார். அவர் எதுவும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. எதுவுமே தோன்றாமல் சில வாரங்கள் போயின.

பிறகு ஒரு நாள், டவுனுக்குப் போன இடத்தில், தேரடி வீதிக் கடையில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை வாங்கினேன். ஏன் என்று யோசிக்கவில்லை. வீட்டுப் பின்புறம், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் டப்பில் தண்ணீர் வைத்துக் குளிப்பாட்டினேன். துண்டில் சுற்றினேன். ஊதினேன். இந்த முறை ஊதியது எனக்கே தெரிந்தது. திரும்பக் குளிப்பாட்டினேன், திரும்ப ஊதினேன். அடுத்த நாள் உதட்டைக் கடித்துக்கொண்டு செய்தேன். துண்டைக் கையில் எடுத்ததும் பல் தானாக விலகி, உதடு குவிந்தது. வேகமாகச் செய்தாலும் அதுதான், மெதுவாகச் செய்தாலும் அதுதான். அப்பா பார்த்துவிட்டு உள்ளே போனார். அவர் சிரிக்காமல் போனதை அப்போதுதான் கவனித்தேன்.

ஒரு மாலை, வேறு வழி தெரியாமல், வகுப்பில் விட்டுவிட்ட அந்தப் பகுதியை ஆரம்பத்திலிருந்து செய்தேன். பாப்பா, இப்போ கையத் தூக்கறேன். பாப்பா, இப்போ தண்ணி ஊத்தப்போறேன். பேசிக்கொண்டே துண்டுக்கு வந்துவிட்டேன். பாப்பா, இப்போ காது தொடைக்கறேன், வலது காது, இப்போ இடது காது. சொல்லி முடிக்கும்போது துடைத்து முடிந்திருந்தது. உதடு குவியவில்லை. அது பேசிக்கொண்டிருந்தது.

“யார்கிட்ட பேசிக்கினு இருக்க?” என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள்.

“பொம்மகிட்ட.”

“பதில் சொல்லுதா?” என்றாள்.

இல்லை என்றேன். பொம்மையைக் கொடியில் துண்டோடு தொங்கவிட்டேன். அதற்குப் பிறகு நான்கு மாலைகள் செய்தேன். ஒரு மாலை, பேச்சு நடுவில் நின்றபோது, ஊதிவிட்டேன். மற்ற மூன்றிலும் ஊதவில்லை.

அடுத்த தேர்வு ஆடியில். மறுபடியும் பதிவு செய்தாகிவிட்டது. அதே மாடி, அநேகமாக அதே கிழிந்த காது பொம்மை. சுவரோரம் புதிய வகுப்பினர் நிற்பார்கள், சிரிப்பார்கள். நான் முதலில் தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால் அந்தப் பொம்மையைப் பார்த்து, அறைக்கே கேட்கிறமாதிரி, பாப்பா என்று கூப்பிடப்போகிறேன். துண்டு சுற்றி முடிகிற வரைக்கும் வாயை மூடப்போவதில்லை.