ஞானகுமாரி பாதியில் நிறுத்திய சாட்சி

என் தங்கை மகள் ஞானகுமாரியை மண்ணூர்பேட்டையில் ஜேசுராஜுக்குக் கட்டிக் கொடுத்தோம். ஜேசுராஜ் என் காட்டுப்பாக்கத்து நாத்தனார் மகன், முறை மாப்பிள்ளைதான். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இரும்பு வார்ப்பு வேலை. எண்பத்து நாலில், பெண் குழந்தை செலின் பிறந்து இரண்டாம் மாதம், சைக்கிளில் வேலைக்குப் போனவனை லாரி அடித்துவிட்டது.

அடக்கம் முடிந்து வந்த அன்றே ஞானகுமாரிக்குப் பால் நின்றுபோனது. பால் ஊறட்டும் என்று பால்சுறா புட்டு, பூண்டுக் கஞ்சி, எதைக் கொடுத்தாலும் தொண்டையில் இறங்கவில்லை. டப்பா பால் கரைத்துக் கொடுத்தோம், குழந்தைக்கு வயிற்றால் போனது. ஆஸ்பத்திரியில் சரியாக்கி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி அதேதான். கண்ணெல்லாம் குழி விழுந்து, அழுகைகூட பூனைக்குட்டி சத்தம் போல ஆகிவிட்டது. பிழைக்காது என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஜெபம் பண்ண வந்த சபைப் போதகர் ஐயர், கர்த்தர் விதவையைக் கைவிடமாட்டார் என்று சொல்லிப் போனார். ஞானகுமாரி அதை நம்பினாள். ஜெபத்தில் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாலை மட்டும்தான் கேட்டாள்.

பக்கத்து வீடு கொத்து வேலை செய்யும் வேம்புலியுடையது. நடுவில் ஒரே சுவர். அவன் பெண்சாதி தாயம்மா அப்போதுதான் பிரசவத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். குழந்தை ஒரு பகல்தான் உயிரோடு இருந்ததாம். பால் கட்டி ஜுரத்தில் கிடந்தவளுக்கு, பால் வற்றட்டும் என்று மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டியிருந்தார்கள். ஆனாலும் சுவருக்கு இந்தப் பக்கம் செலின் அழும்போதெல்லாம் அங்கே அவளுக்கு ரவிக்கை நனைந்துபோகும்.

ஒரு மத்தியானம் அவளே எழுந்து வந்தாள். பின்னாலேயே வேம்புலி வந்தான்.

"இன்னாடி பண்ற? செத்த கொழந்தையோட பாலு. அந்தப் புள்ளைக்கும் எதுனா ஆயிட்சுன்னா யாருடி பதில் சொல்றது?"

என் தங்கைக்கும் அதே பயம். ஞானகுமாரி மட்டும் குழந்தையைத் தூக்கி நீட்டினாள். தாயம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கட்டியிருந்த பூவை அவிழ்த்தாள். குழந்தை குடிக்கிற சத்தம் கேட்டது. வேம்புலி வெளியே போய் பீடி பற்றவைத்தான்.

செலின் தேறினாள். சபையில் சாட்சி சொல்லும் வேளையில் ஐயர் ஞானகுமாரியை எழுந்து பேசச் சொன்னார். கர்த்தர் என் பிள்ளைக்குப் பால் கொடுத்தார் என்று ஆரம்பித்தாள். வெளியே வாசற்படியில் தாயம்மா, செலினை மடியில் போட்டுக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் ஞானகுமாரி பாதியிலேயே நிறுத்தி உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வரும்போது தாயம்மாதான் பேச்செடுத்தாள்.

"இன்னாக்கா, நடுவுல நிறுத்திட்ட? எம் பேரு சொல்லுவன்னு குந்திகினு கீறேன் நானு."

"ஒன் புள்ள போனதாலதான எம் புள்ளைக்குப் பாலு வந்துது. அதுக்கு எப்டிடி தோத்திரம் சொல்றது?"

தாயம்மா செலினை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். "ஒங்க சாமியவே கேளு. இன்னா சொல்றாருன்னு எனக்கும் சொல்லு."

அன்றிலிருந்து ஞானகுமாரி தினமும் ஜெபத்தில் அதைக் கேட்டாள். பதில் வந்ததாக என்னிடம் சொன்னதில்லை. ஜெபத்தை விடவும் இல்லை. ஜேசுராஜ் வேலை செய்த பட்டறையிலேயே கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். பகலெல்லாம் செலின் தாயம்மா வீட்டில்தான்.

குழந்தை சோறு தின்னப் பழகினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயம்மா மார்பைக் கொடுத்தபோது, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஞானகுமாரி பிசைந்து வைத்திருந்த பருப்புச் சோற்றுக்குத் தவழ்ந்து போனாள். பெரிய மனுஷி ஆகிவிட்டாள், இனி நான் எதற்கு என்று தாயம்மா சிரித்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். தன் குழந்தைக்காக அவள் அழுது அதுவரை நாங்கள் கேட்டதில்லை. அன்று கேட்டோம்.

சாயங்கால ஜெபத்துக்கு ஞானகுமாரி தன் வீட்டில் உட்காரவில்லை. தாயம்மாவின் கதவுக்கு வெளியே சிமெண்ட் தரையில் முழங்கால் போட்டாள். அன்று கர்த்தரிடம் எதையும் கேட்கவில்லை என்று பிறகு சொன்னாள். கதவு திறக்கிறவரை அங்கேயே இருந்தாள்.