பார்லி வாசனை

போனில் பார்த்து ஆசை ஆசையாக வைத்த ஐரிஷ் ஸ்டூ. உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸோடு பார்லியும் வெந்து ஆவி முகத்தில் அடித்ததும், மனதால் எங்கள் பழைய தாம்பரத்து வாடகை வீட்டுக்குப் போய்விட்டேன்.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, மூன்றாம் வகுப்பில் இருந்தேன். அப்பாவின் மேனேஜர் சாப்பிட வருகிறார் என்று, டிவியில் பார்த்த இதே ஸ்டூவை அம்மா கறி இல்லாமல் செய்திருந்தாள்.

அவர் செருப்பைக் கழற்றும்போதே முகர்ந்தார். "என்னப்பா, பார்லிக் கஞ்சி வாசனை வருது? வீட்டுல யாருக்கு உடம்பு சரியில்ல?"

அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "என் வீட்டுக்காரிக்குத்தான் சார். நீர்க்கடுப்பு."

அம்மா கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றாள். வெட்கத்தில் நான் தலை நிமிரவில்லை.

"நிறைய தண்ணி குடிம்மா" என்றார் அவர், அம்மாவைப் பார்த்து.

"சரிங்க சார்."

அவசரமாக ரசம் வைத்து, அப்பளம் பொரித்துப் பரிமாறினாள். அவர் போனதும் அப்பா தட்டை நீட்டினார். "அந்த ஸ்டூவைக் கொஞ்சம் போடேன்."

"அது நோயாளிக்குச் செஞ்சதுங்க" என்ற அம்மா மூடியைத் திறக்கவே இல்லை.

இப்போது ஹாலிலிருந்து அப்பாவின் குரல்: "அடுப்புல என்னம்மா?"

ஸ்டூ என்று சொல்ல எனக்குக் கூசியது. "ஒண்ணுமில்லப்பா, சும்மா ஒரு சூப்பு" என்றேன்.