கற்பகம் நிறுத்திய கிரேன்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் இரும்பு ஷெட். நான் வெல்டர். கிரேன் ஓட்டுகிற கற்பகம் அக்காவின் குரல் எங்களுக்குக் கூரையிலிருந்துதான் கேட்கும். கூரையடியில் கிரேன் கூண்டில் உட்கார்ந்தபடி, கீழே அசட்டையாகப் போகிறவர்களை ஏசித் தீர்ப்பாள்.

"ஏலே, சாமான் தொங்குதுல்லா, அடியில என்ன சோலி?"

அவளிடம் ஏச்சு வாங்காத நாளில் எனக்குச் சோறு இறங்காது.

புதூர்க்காரி. ஐடிஐ முடித்து, கொக்கியில் சங்கிலி மாட்டுகிற வேலைக்குத்தான் சேர்ந்தாள். கிரேன் ஓட்டியவர் துபாய்க்குப் போனதும், "நான் ஓட்டுதேன்" என்று முதலாளி முன்னால் போய் நின்றாள். அன்றைக்குச் சிரித்தவர்கள் உண்டு. இப்போது அவள் சாமானை இறக்கினால் சத்தமே வராது.

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை, பாதி வேலையில் கிரேனை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள். ஷெட்டின் இரு பக்கமும் தூண்களின் மேல் நெடுக ஓடும் இரும்பு உத்திரங்களில்தான் கிரேன் உருண்டு போகும். கொக்கியைக் குறுக்கே நகர்த்தி நிறுத்தும்போதெல்லாம் ஒரு பக்கத்து உத்திரம் வெளியே நெளிகிறது என்றாள்.

"மழைக்குக் கரிசல் மண்ணு ஊதியிருக்கும், தூணு அசையுது. அதுக்கா வேலைய நிப்பாட்டுத?" என்றார் சூப்பர்வைசர் இசக்கிதுரை. சாமான் ஏற்ற லாரி வாசலில் காத்து நின்றது.

"மண்ணோ தூணோ, கீழ நிக்கது நம்ம ஆளுக அண்ணாச்சி. பாக்காம தூக்க மாட்டேன்."

இன்ஜினியர் சதீஷ்குமார் உடனே பாதுகாப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு மேலே ஏறக் கிளம்பினார். ஏணியின் பாதியில் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உயரம் என்றால் பயமாம். முன்னால் ஏறியிருந்த அக்கா மேலேயிருந்து குனிந்தாள்.

"கீழ பாக்காதீங்க சார், என் மொகத்தப் பாருங்க. காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லி."

"தொட்டுக்கிட?"

சட்னிக் கதை முடிவதற்குள் மேலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

உத்திரத்தின் மேல்விளிம்பைத் தூணோடு இழுத்துப் பிடித்திருந்த இரும்புப் பட்டை ஒன்று கிழிந்திருந்தது. இறங்கி வந்ததும் சதீஷ்குமார் ஓர் இரும்பு அடிக்கோலை, அதன் மெல்லிய விளிம்பு கீழே இருக்கும்படி நிறுத்திக் காட்டினார்.

"மேலேருந்து அமுக்கினா தாங்குது. பக்கவாட்டுல லேசாத் தள்ளுங்க, நெளியுது பாத்தீங்களா? கொக்கி தொங்குற வண்டி குறுக்க ஓடி நிக்கும்போது அந்தத் தள்ளுதான் உத்திரத்து மேல விழுது."

இசக்கிதுரையே போய் லாரியைத் திருப்பி அனுப்பினார். பட்டைகளை எல்லாம் மாற்றினோம். உத்திரம் பக்கவாட்டில் நெளியாதபடி, மேல்விளிம்பை ஒட்டி நெடுகக் கூடுதலாக ஒரு சட்டமும் வைத்தோம்.

வேலை முடிந்ததும் பாரம் தூக்கிப் பார்த்தார்கள். அக்கா கொக்கியைக் குறுக்கே ஓட்டி நிறுத்தினாள்.

"எப்படி இருக்கு தாயி?" என்று கீழேயிருந்து கேட்டார் இசக்கிதுரை.

"அசையவே இல்ல அண்ணாச்சி!"

அன்று மத்தியானம் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அன்னைக்கு லாரி நிக்கும்போது, நான் சொன்னது தப்பாப் போயிருமோன்னு ரொம்பப் பயந்துட்டேம்லே."

என் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.